திரும்பி வந்த நோயும் கூட இருப்பவர்களும்

தெற்குக் கொல்கத்தாவில் ரவீந்திர சரோவர் ஏரிக்கும் பிரின்ஸ் அன்வர் ஷா சாலைக்கும் நடுவே, பட்ஜ் பட்ஜ் ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கிறது லேக் கார்டன்ஸ். ஏரியைத் தாண்டி வடக்கே போனால் லேக் மார்க்கெட். கொல்கத்தாத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழையிலையும் பூவும் காய்கறியும் வாங்கிவரும் கடைத்தெரு. இன்னும் சற்று வடக்கே, ஹாஜ்ராவில், சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனம். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் காளிகாட் கோயில். அந்தப் புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரி 2 அன்று திறந்து வைத்தவர் மேரி கியூரியின் மகள் ஐரீன் ஜோலியோ கியூரி. ஆறே ஆண்டுகளில் அவரும் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். இப்பகுதியில் ஒரு வீட்டுக்குள் புற்றுநோய் நுழைந்தால் மருத்துவமனை, கோயில், அக்கம்பக்கம் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. முதல் முறை மூன்றும் ஒரே திக்கில் இழுக்கும்: குணமாக வேண்டும். சிகிச்சை முடிந்து, ஸ்கேன் சுத்தமாக வந்து, வேண்டுதலும் தீர்த்த பிறகு, சில ஆண்டுகள் கழித்துக் கல்லீரலிலோ எலும்பிலோ நோய் மறுபடி தெரிந்தால் மூன்றுமே தடுமாறிப் போகின்றன. அந்த இரண்டாம் முறையில் நண்பர்களுக்கும் பக்திக்கும் உண்மையில் என்ன இடம் என்பதே என் கேள்வி. நட்பும் பக்தியும் நோயை விரட்டும் மருந்துகள் என்று சொல்லிச் சொல்லியே, அவை மிகவும் தேவைப்படும் வேளையில் அவற்றைத் தோற்றவையாக ஆக்கிவிடுகிறோம் என்று நினைக்கிறேன். குணத்தோடு முடிச்சுப் போடாமல் விட்டால் இரண்டும் நிறையச் செய்யக்கூடியவை. அதற்கு ஆய்வுகளிலும் சான்று உண்டு, கொல்கத்தாவின் பழைய வரலாற்றிலும் உண்டு.

ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்றால், கருவி காணும் அளவில் எதுவும் இல்லை என்பது மட்டுமே பொருள். முதற்கட்டி இருந்த காலத்திலேயே ரத்தம் வழியாகப் பிரிந்து போன சில உயிரணுக்கள் எலும்பு மஜ்ஜையிலோ வேறு உறுப்பிலோ பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கலாம். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் 10, 15 ஆண்டுகள் கழித்தும் திரும்புவதுண்டு. கீமோதெரபிக்குத் தப்பியவை பல நேரம் அந்த மருந்துக்கு அடங்காதவை. இரண்டாம் முறை மருந்தை மாற்றுவது அதனால்தான். திரும்பி வந்தாலே எல்லாம் முடிந்தது என்பதும் சரியில்லை. ஹாட்ஜ்கின் லிம்போமாவிலும் விரைப் புற்றுநோயிலும் திரும்பிய பிறகும் முழுக் குணம் கிடைக்கிறது. எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுநோயோடு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான கட்டிகள் வேறு உறுப்பில் போய்த் திரும்பும்போது சிகிச்சையின் குறிக்கோள் மாறிவிடுகிறது: இனி அதை அடக்கி வைப்பதும், வலியைக் குறைப்பதும், கிடைக்கும் காலத்தை நல்ல காலமாக ஆக்குவதும்தான் வேலை. இந்த மாற்றத்தை வீட்டாருக்கு யாராவது உட்கார்ந்து நிதானமாகச் சொல்ல வேண்டும். நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் அதற்கு நேரம் கிடைப்பது அரிது. ஆகவே நோயாளியும் உறவினரும் பழைய குறிக்கோளையே பிடித்துக்கொண்டு புதிய பாதையில் நடக்கிறார்கள்.

ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ஆண்டர்சன் குழு, மார்பகப் புற்றுநோய் திரும்பிய பெண்களைப் பற்றி 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. நோயைப் பற்றிய மன அழுத்தம் முதல் முறை இருந்த அளவுக்கே இரண்டாம் முறையும் இருந்தது. ஆனால் பொதுவான மனநிலையும் அன்றாட வாழ்வும் அந்த அளவுக்குக் குலையவில்லை. யோசித்தால் வியப்பில்லை. நோயாளி இந்த வழியில் ஒரு முறை நடந்து முடித்தவர். ஊசி, வாந்தி, முடி உதிர்வு, மருத்துவமனை வரிசை எல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாமல் விழிப்பவர்கள் சுற்றி இருப்பவர்கள்தான். முதல் முறை சொன்ன ஆறுதலை மறுபடி சொல்ல வாய் வருவதில்லை. வேறு என்ன சொல்வதென்றும் தெரிவதில்லை. அன்பு குறைந்து யாரும் விலகுவதில்லை. கையில் இருந்த ஒரே வசனம் செலவாகிப் போனதால் விலகுகிறார்கள்.

அந்த வசனம் எது? ‘தைரியமாக இரு, போராடு, ஜெயித்துவிடுவாய்.’ லேக் கார்டன்ஸை அடுத்த டாலிகஞ்ச் வங்காளத் திரையுலகின் இருப்பிடம். சின்னத்திரை நடிகை ஐந்த்ரிலா சர்மாவுக்கு 2015இல், பள்ளிப் பருவத்திலேயே, புற்றுநோய் வந்தது. குணமாகி நடிக்க வந்தார். 2021இல் நுரையீரலில் திரும்பியது. அறுவையும் கீமோதெரபியும் முடித்து மீண்டும் வேலைக்குத் திரும்பினார். 2022 நவம்பரில் மூளைப் பக்கவாதம் ஏற்பட்டு, அதே மாதம் 20ஆம் தேதி, 24 வயதில் இறந்தார். கடைசி நாட்களில் அவருடைய நண்பரும் நடிகருமான சப்யசாச்சி சௌத்ரி கூடவே இருந்தார். பிரார்த்தனை செய்யுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டார். வங்காளமே அவரைப் போராளி என்று கொண்டாடியது. அந்த அன்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் போராளி என்ற பட்டத்துக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: பிழைத்தவர் நன்றாகப் போராடினார், இறந்தவர் எங்கோ தளர்ந்துவிட்டார். அந்தக் கணக்கு தவறு. 1999இல் மேகி வாட்சன் குழு 578 மார்பகப் புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து லான்செட் இதழில் எழுதியது: போராட்ட மனப்பான்மையால் ஆயுள் கூடவில்லை. நம்பிக்கையற்ற நிலைக்கு ஓரளவு தீய விளைவு தெரிந்தது. 2002இல் மார்க் பெட்டிக்ரூ குழு அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசியபோது, மனப்போக்கு நோய் திரும்புவதைத் தடுக்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. 2007இல் ஜேம்ஸ் கோய்ன் குழு தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரை ஆராய்ந்தது. அவர்களின் மனநலத்துக்கும் வாழ்நாளுக்கும் தொடர்பே காணப்படவில்லை. நோய் திரும்பிய ஒருவரிடம் இதைச் சொல்வது கொடுமை என்று தோன்றலாம். எனக்கு இது விடுதலையாகவே படுகிறது. அழுததால் நோய் வரவில்லை, பயந்ததால் திரும்பவில்லை. இனி அழலாம், பயப்படலாம். அதற்காக யாரும் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 1989இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டேவிட் ஸ்பீகல், பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களை ஆராய்ந்தார். ஆதரவுக் குழுவில் கூடிப் பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதமும் மற்றவர்கள் 18.9 மாதமும் வாழ்ந்ததாக எழுதினார். இரு மடங்கு! உலகெங்கும் ஆதரவுக் குழுக்கள் பெருக அந்த ஆய்வும் ஒரு காரணம். ஆனால் 2001இல் பமேலா குட்வின் தலைமையில் கனடாவில் 235 பெண்களிடம் அதே முறையைச் சோதித்தபோது வாழ்நாள் 17.9 மாதம், 17.6 மாதம் என்று ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. 2007இல் ஸ்பீகலே 125 பெண்களிடம் மறுபடி செய்து பார்த்தார். மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. குட்வின் ஆய்வின் இன்னொரு பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழுவில் இருந்த பெண்களுக்கு மன வேதனை குறைந்தது, வலி உணர்வும் குறைந்தது; தொடக்கத்தில் மிகவும் துன்பப்பட்டவர்களுக்கே பலன் அதிகம். எஞ்சியிருப்பது பதினேழு மாதமானால், அந்தப் பதினேழு மாதம் எப்படிப் போகிறது என்பது சிறிய விஷயமா? ஆயுளை நீட்டவில்லை என்பதற்காக இதைத் தோல்வி என்று எழுதுவது, அளவுகோலைத் தவறாகப் பிடித்ததன் விளைவு.

நட்புக்கும் உயிருக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கேண்டிஸ் குரோன்கே குழு 2006இல் மார்பகப் புற்றுநோய் வந்த 2,835 அமெரிக்கச் செவிலியரைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எனக்கு முக்கியமானது. நோய் வருவதற்கு முன் தனித்துக் கிடந்த பெண்களுக்கு இறப்பு அபாயம் மற்றவர்களைவிட 66 விழுக்காடு அதிகம். நெருங்கிய உறவினர், நண்பர், பிள்ளைகள் இல்லாதது ஆபத்தைக் கூட்டியது. மனம்விட்டுப் பேச ஒருவர் இருப்பதும், கோயில், சங்கம் போன்றவற்றில் பங்கெடுப்பதும் வேறுபாடு எதையும் தரவில்லை. இது விசித்திரமாகத் தெரியும். ஆய்வாளர்கள் தந்த விளக்கம் எளியது: சுற்றி ஆட்கள் இருந்தால் பராமரிப்புக் கிடைக்கிறது. 2013இல் அய்சர் குழு அமெரிக்காவின் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தது. மணமானவர்களுக்கு நோய் முன்னதாகவே கண்டுபிடிக்கப்பட்டது, சிகிச்சை முழுமையாகக் கிடைத்தது, புற்றுநோயால் இறப்பதும் குறைவு. மருத்துவமனைக்குப் போ என்று நச்சரிக்க ஒருவர் இருந்தார், கூட வரவும் ஒருவர் இருந்தார் என்பதே பெரிய காரணமாக இருக்கக்கூடும். அதாவது நட்பின் பலன் உழைப்பின் வழியாக வருகிறது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டதும், வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர் உயிரைக் காப்பாற்றுகிறார். அவர் தத்துவம் எதுவும் பேச வேண்டியதில்லை.

இதற்குக் கொல்கத்தாவில் 140 ஆண்டுப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. ஸ்ரீராமகிருஷ்ணருக்கு 1885இல் தொண்டையில் புற்றுநோய் வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 11 அன்று அவரைக் காசிப்பூர் தோட்ட வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1886 ஆகஸ்ட் 16 அன்று அங்கேயே மறைந்தார். அந்த எட்டு மாதங்களைப் பக்தர்கள் ஆன்மிகக் காலமாகப் படிக்கிறார்கள். நான் அதை ஒரு பராமரிப்பு ஏற்பாடாகவும் படிக்கிறேன். வீட்டு வாடகையைச் சுரேந்திரநாத் மித்ரா ஏற்றார். உணவுச் செலவைப் பலராம் போஸ் பார்த்துக்கொண்டார். விழுங்கக்கூடிய கஞ்சியை அவர் மனைவி சாரதா தேவியார் சமைத்தார். பின்னாளில் விவேகானந்தரான நரேந்திரனும் மற்ற இளைஞர்களும் முறை வைத்து இரவும் பகலும் கண் விழித்தார்கள். அந்த இளைஞர்களில் அயராமல் பணிவிடை செய்தவர் சசி. பின்னாளில் சுவாமி ராமகிருஷ்ணானந்தராக 1897இல் சென்னைக்கு வந்து ராமகிருஷ்ண மடத்தை நிறுவியவர் அவரே. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் அறிவியல் மனம் கொண்டவர். 1876இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியவர். அவதாரம் என்ற பேச்சை ஏற்க மறுத்து விவாதித்துக்கொண்டே, நோயாளியை விடாமல் வந்து பார்த்தார். நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே படுக்கையைச் சுற்றி நிற்க முடிந்தது. செய்ய வேண்டிய வேலை பொதுவாக இருந்தது.

பக்தியின் கதை இன்னும் கடினமானது. இரு வகை பக்தியைப் பிரித்துப் பார்க்காமல் இங்கே ஒரு அடி நகர முடியாது. ஒன்று பேரம்: குணமானால் மொட்டை போடுகிறேன், காளிகாட்டுக்குப் புடவை சாத்துகிறேன். மனிதருக்கு இயல்பான வேண்டுதல் அது. அதை இகழ எனக்கு உரிமையில்லை. ஆனால் நோய் திரும்பும் நாளில் பேரம் முறிகிறது. முறிந்த இடத்தில் ‘என்ன பாவம் செய்தேனோ, கடவுள் கைவிட்டுவிட்டார்’ என்ற எண்ணம் குடியேறுகிறது. உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் இதைத் தீவிரமாக ஆராய்ந்தவர். கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டார் என்று தவித்த முதிய நோயாளிகளுக்கு இறப்பு அபாயமும் கூடியிருந்ததை அவர் குழு 2001இல் காட்டியது. நம் வீடுகளில் ‘எல்லாம் கர்மவினை’ என்று படுக்கையருகில் அமர்ந்து சொல்லும் உறவினர் எத்தகைய சுமையை ஏற்றுகிறார் என்பதை இதிலிருந்து உணரலாம். ஹெர்பர்ட் பென்சன் குழு 2006இல் இதய அறுவை செய்துகொண்ட 1,802 பேரிடம் பிறர் செய்யும் பிரார்த்தனையைச் சோதித்தது. பலன் எதுவும் தெரியவில்லை. தமக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாக அறிந்தவர்களுக்குச் சிக்கல்கள் 59 விழுக்காடு. அறியாதவர்களுக்கு 51, 52 விழுக்காடு. தற்செயலாக வந்த வேறுபாடாகவும் இருக்கலாம். பிரார்த்தனையை ரத்தப் பரிசோதனை போல அளப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனாலும் எதிர்பார்ப்பே நோயாளிக்குப் பாரமாகலாம் என்ற ஐயத்தை ஒதுக்கிவிட முடியவில்லை.

இன்னொரு வகை பக்திக்குக் காசிப்பூரும் திருவண்ணாமலையும் சாட்சி. கணவரின் நோய் தீரச் சாரதா தேவியார் தாரகேஸ்வரத்துச் சிவன் சன்னிதியில் அன்னம் தண்ணீர் இல்லாமல் கிடந்தார். இரண்டு நாள் கழிந்தபின் அவர் மனத்தில் பற்றின்மை எழுந்தது. வேண்டுதலைக் கைவிட்டுத் திரும்பி வந்து, பழையபடி கஞ்சி காய்ச்சினார். ரமண மகரிஷிக்கு நடந்தது நேரடியாகவே திரும்பி வரும் நோயின் வரலாறு. இடது முழங்கைக்கு அருகே தோன்றிய கட்டியை 1949 பிப்ரவரியில் அகற்றினார்கள். ஒரு மாதத்துக்குள் மீண்டும் வளர்ந்தது. மார்ச்சில் இரண்டாம் அறுவை, பிறகு ரேடியம் சிகிச்சை. ஆகஸ்டில் மூன்றாவது, டிசம்பர் 19 அன்று நான்காவது. சார்கோமா என்ற வகை அது. கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. மற்ற சிகிச்சைகளை, பச்சிலையும் ஹோமியோபதியும் உட்பட, பக்தர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை பார்க்க வந்தவர்களுக்குத் தரிசனம் தடைபடாமல் பார்த்துக்கொண்டார். மகான்களின் கதை நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். அவர்களின் ஞானநிலை நமக்கு எட்டாமல் போகலாம். ஆனால் சிகிச்சையை மறுக்காமலும், சிகிச்சை தோற்றதைத் தெய்வத்தின் தோல்வியாக எடுக்காமலும் இருக்க ஞானியாக வேண்டியதில்லை. அந்த இடத்தில் நிற்கும் சாதாரணப் பெண்களும் ஆண்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

பக்தி சிகிச்சையைக் கெடுக்கிறது என்பது பகுத்தறிவாளர்களின் மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. விபூதியையும் தாயத்தையும் நம்பி மாதக்கணக்கில் காலம் கடத்தியவர்கள் உண்டு. 2009இல் ஆண்ட்ரியா ஃபெல்ப்ஸ் குழு முற்றிய நோய் கொண்ட 345 பேரை ஆராய்ந்து ஜாமா இதழில் எழுதியது: சமயத்தை மிகவும் சார்ந்திருந்தவர்களில் 11.3 விழுக்காட்டினர் இறுதி வாரத்தில் செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தனர், மற்றவர்களில் 3.6 விழுக்காடு. அற்புதத்துக்காகக் காத்திருந்து, கடைசி நாட்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழித்திருக்கக்கூடும். ஆனால் அடுத்த ஆண்டே டிரேசி பால்போனி குழு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. மருத்துவக் குழுவே நோயாளியின் ஆன்மிகத் தேவையைக் கேட்டு ஆதரித்த இடங்களில், வலி தணிப்புப் பராமரிப்பைத் தேர்ந்தவர்கள் அதிகம். கெடுதல் வருவது பக்தியாலா, பக்தியைப் பற்றிப் பேசவே மறுக்கும் மருத்துவமனையாலா என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. ‘உங்களுக்கு எது பலம் தருகிறது?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்க மருத்துவருக்குச் சமய நம்பிக்கை வேண்டியதில்லை.

நம் ஊரில் குடும்பம் இருக்கிறதே, நண்பர்கள் எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. தெற்குக் கொல்கத்தாவுக்கு இந்தப் பதில் இனிமேல் செல்லாது. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, வயதான தம்பதியர் அல்லது தனித்த முதியவர் வாழும் அடுக்ககங்கள் லேக் கார்டன்ஸ் முழுவதும் உண்டு. தமிழ்க் குடும்பங்களில் இளையவர்கள் பலர் சென்னைக்கே திரும்பிவிட்டார்கள். நோய் திரும்பினால் முதலில் எழும் யோசனை, வேலூருக்குப் போகலாமா, மும்பை டாடா மருத்துவமனைக்குப் போகலாமா என்பதுதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிலும் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள் நிறைந்திருப்பதே இதன் அளவைக் காட்டும். இரண்டாம் கருத்துக் கேட்கப் போவது நியாயம். ஆனால் அடக்கி வைக்கும் சிகிச்சைக்காக மாதக்கணக்கில் வாடகை அறையில் போய்க் கிடப்பவர் தம் தெருவையும் நண்பர்களையும் இழக்கிறார். 2011இல் நியூ டவுனில் தொடங்கிய டாடா மெடிக்கல் சென்டரும், 1973இல் தாகூர்புக்கூரில் சரோஜ் குப்தா தொடங்கிய மருத்துவமனையும், ஹாஜ்ராவில் சித்தரஞ்சனும் இருக்கையில், எங்கே சிகிச்சை என்ற முடிவில் ‘யார் பக்கத்தில் இருப்பார்கள்’ என்பதும் மருந்துக்கு இணையான காரணமாக இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்படி நண்பர்கள் மீது சுமையை ஏற்றினால் அரசு தப்பித்துக்கொள்ளாதா? கேரளத்தின் அனுபவம் வேறு பதில் தருகிறது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் மற்றவர்களும் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களைப் பயிற்றி வீடுவீடாக அனுப்பும் வலையமைப்பாக வளர்ந்தது. தன்னார்வலர்கள் பெருகியதால் அரசு ஒதுங்கவில்லை. 2008இல் கேரள அரசு வலி தணிப்புக்கென்று தனிக் கொள்கையே வகுத்து, ஊராட்சிகளை அதில் இணைத்தது. வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் மார்ஃபின் கிடைக்காததும், செவிலியர் வராததும் தெரியும். அவர்களே கேட்கும் குரலாகவும் ஆனார்கள். பாஸ்டனில் ஜெனிஃபர் டெமெல் குழு 2010இல் பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் செய்த ஆய்வில், தொடக்கத்திலிருந்தே வலி தணிப்புப் பராமரிப்புப் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்தார்கள், வாழ்நாளும் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம். இறுதி நாளுக்கென்று ஒத்தி வைக்கும் விஷயம் அல்ல அது. நோய் திரும்பியது தெரிந்த வாரத்திலேயே தொடங்க வேண்டியது.

லேக் கார்டன்ஸுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாக இருக்காது. அங்கே ஒவ்வொரு பாடாவுக்கும், அதாவது குடியிருப்புப் பகுதிக்கும், ஒரு கிளப் உண்டு. துர்கா பூஜைக்கு வீடுவீடாகப் போய்ச் சந்தா திரட்டும் பழக்கம் உண்டு. ரத்த தான முகாம் நடத்திப் பழகிய இளைஞர்கள் உண்டு. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களின் ஆதரவுக் குழுவான ஹிதைஷிணி இந்த நகரத்தில்தான் பிறந்தது. ஏரிக்கு அக்கரையில் தமிழர்களுக்குப் பாரதி தமிழ்ச் சங்கமும் பஜனைக் கூட்டங்களும் இருக்கின்றன. இவர்களுக்கு இல்லாதது நல்ல மனம் என்று யாரும் சொல்ல முடியாது. என்ன செய்வது என்ற தெளிவுதான் இல்லை. கீமோதெரபி நாளில் யார் கூடப் போவது, மருத்துவர் சொன்னதை யார் எழுதிக்கொள்வது, இரவு காய்ச்சல் வந்தால் எந்த வண்டி, காப்பீட்டுக் காகிதங்களை யார் பார்ப்பது, பராமரிக்கும் மனைவிக்கோ கணவருக்கோ வாரத்தில் ஓர் இரவு தூக்கம் கிடைக்க யார் வந்து படுப்பது என்று பெயர் பெயராக எழுதி ஓர் அட்டவணை போட வேண்டும். கோயிலுக்குப் போக முடியாதவருக்காகக் குழு வீட்டுக்கு வந்து பாடலாம், அவர் விரும்பினால் மட்டும், அவர் கேட்கும் பாட்டை. பிரசாதம் கொடுக்கும்போது ‘சீக்கிரம் குணமாகிவிடும்’ என்று சேர்த்துச் சொல்லத் தேவையில்லை. ‘நாளை சாயங்காலம் மறுபடி வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு வந்தால் போதும்.